கெரோங்சாங்கும் பாம்படமும்: மலாக்கா செட்டிப் பெண்களின் அணிகலன் குறித்த ஆய்வுநோக்கு – ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: மலாக்கா செட்டிகள், கெபாயா, கெரோங்சாங், பாம்படம், தாமிரபரணி

முன்னுரை

15ஆம் நூற்றாண்டு மலாக்கா சுல்தானகத்தில் வணிகம் செய்யச் சென்று, அங்குள்ள பெண்களை மணந்து நிலைபெற்ற தமிழ் வணிகர்களின் வழியினர் மலாக்கா செட்டிகள். இவர்கள் சைவ நெறியினர், வீட்டுமொழியோ மலாய். இவர்களை ஆராயும்போது, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைத் தமிழ்மரபின் தொடர்ச்சிக்கும், பெண்கள் அணியும் கெபாயாவையும் சாரோங்கையும் அதன் இழப்புக்கும் சான்றாகக் கொள்ளும் போக்கு உண்டு. இப்போக்கை அணிகலன் வழி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடையைத் தாங்கும் அணி

கெபாயாவின் மரபு வடிவத்தில் முன்புறம் பொத்தான் இல்லை. கெரோங்சாங் எனப்படும் மூன்று ஊசியணிகளே அதனைப் பிணைக்கின்றன. பழைய தொகுதியில் பெரியது ‘தாய்’ எனவும் சிறியவை இரண்டும் ‘பிள்ளை’ எனவும் வழங்கப்பெறும். பின்னாளில் மூன்றும் சங்கிலியால் இணைந்தன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் அணிகளை அடிமுதல் முடிவரை உறுப்பு வரிசையில் அடுக்குகிறது. நம் அணிகலன் ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வரிசையையே பின்பற்றுகின்றன. அவ்வரிசையில் கெரோங்சாங்கிற்கு இடமில்லை. அது உறுப்புக்கு உரிய அணியன்று, உடைக்கு உரியது. மேகலையும் ஆடைமேல் அணியப்படுவதே எனினும், அதனை நீக்கினாலும் ஆடை நிற்கும். கெரோங்சாங்கை நீக்கினால் கெபாயா நில்லாது. ஆகவே ‘தமிழ் அணிகளுள் எவை எஞ்சின?’ என்று மட்டும் கேட்கும் ஆய்வு, இதனைக் காணாமலே கடந்துவிடுகிறது.

பொருளின் இடப்பெயர்ச்சி

மாணிக்கம் என்னும் தமிழ்ச்சொல் மலாயில் ‘மணிக்கம்’ என வழங்குகிறது. எனினும், சொல்லும் பொருளும் கடல் கடந்தமையால் மதிப்பும் உடன்சென்றது எனக் கருதலாகாது. கொற்கையின் பெருமையான முத்து நமக்கு மங்கலப் பொருள். கெபாயாவையும் கெரோங்சாங்கையும் அணியும் பெரனாக்கான் சீனர் மரபிலோ, துக்க காலத்தில் பொன்னும் வைரமும் விலக்கப்பட்டு வெள்ளியும் முத்துமே அணியப்பெற்றன. மூலம் தேடுவதோடு நின்றுவிடும் ஆய்வுக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

தாமிரபரணிக் கரையின் சான்று

மணிமுத்தாறு தொடங்கிக் கொற்கை வரையிலான பள்ளத்தாக்கும் இதே கேள்வியை எழுப்புகிறது. குணுக்கு இட்டுக் காது வளர்த்து, அரக்கின்மேல் பொற்தகடு போர்த்திய பாம்படத்தையும் தண்டட்டியையும் பெண்கள் அணிந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் அருகியது. வளர்த்த காதைத் தைத்துச் சிறுதோட்டிற்கு மாறியோரும் உளர். இதனை மரபின் அழிவு என்று எவரும் அப்பெண்கள்மீது சுமத்துவதில்லை. அவர்களது தமிழ்மையை ஐயுறுவதுமில்லை. அதே மாற்றத்தைக் கடல் கடந்த பெண்கள் மேற்கொண்டால் மட்டும் இழப்பு என்பது முரணாகும். கோயில் கட்டிய ஆண்களைத் தொடர்ச்சியின் காவலராகவும், உடை மாறிய பெண்களை இழப்பின் அடையாளமாகவும் வைக்கும் அளவுகோல் இரண்டு நிலத்திற்கும் பொருந்தாது.

முடிவுரை

கெபாயா மரபு 2024இல் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு முன்மொழிவாக யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு உடையும் அறிவும் வழக்கமும் ஒருசேரப் பதிவாகின்றன. நம் அருங்காட்சியகங்களிலோ பாம்படம் உடலையும் உடையையும் பிரிந்து கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறது. காது வளர்த்த மூதாட்டியர் சிலரேனும் வாழும் இக்காலத்திலேயே, அணியும் முறை, உடன் உடுத்திய உடை, கழற்றிய காரணம் ஆகியவற்றை அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்தல் வேண்டும். எஞ்சியவற்றை எண்ணுவதினும், மாற்றத்தைத் தேர்ந்தோரின் காரணத்தை அறிவதே அணிகலன் ஆய்வின் முதற்பணியாகும்.