மூன்று பக்கக் கட்டுரைக்கு ஒரு முகவரி

நூலாகத் தொகுக்கப்பெறாமல் இதழ்களிலும் விழா மலர்களிலும் சிதறிக் கிடக்கும் தமிழ்க் கட்டுரைகள் எத்தனை என்பதை எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. நூலுக்கு நூலகத்தில் அட்டை உண்டு, எண் உண்டு, அலமாரியில் ஓர் இடமும் உண்டு. மூன்று பக்கக் கட்டுரைக்கோ அது வெளிவந்த இதழின் முகவரியே முகவரி. அந்த இதழின் பெயரையும் திங்களையும் நினைவில் வைத்திருப்பவர் மறைந்தால், கட்டுரையும் மறைந்தது போலத்தான். பலர் கூடி இணையத்தில் பேணிவரும் தமிழ்த் தரவுத்தளங்கள் இக்குறையை எந்த அளவு தீர்த்துள்ளன என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் எண்ணத்தக்கது ஈழத்தமிழரின் முயற்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தீக்கிரையானதை வாசகர் அறிவர். அவ்விழப்பின் வடு ஆறாத சமூகத்திலிருந்து 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியதே 'நூலகம்' என்னும் மின்னூலகம். பக்கங்களைப் படமெடுத்து வைப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஓர் இதழுக்குரிய பக்கத்தைத் திறந்தால், வெளியான திங்கள், இதழாசிரியர், பக்க எண்ணிக்கை ஆகியவற்றின் கீழே 'உள்ளடக்கம்' என்ற தலைப்பில் ஆக்கங்களின் பெயர்களும் எழுதியோர் பெயர்களும் வரிசையாகத் தட்டச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் பழைய இதழ்களை இவ்வாறு புரட்டியபோது, பெயர் தெரியாத அந்தத் தட்டச்சாளர்களுக்கு மனத்துள் நன்றி கூறினோம். தமிழகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் திறந்த மின்னூலகத்திலும் இதழ்கள் மிகுதி. ஆயினும் இதழின் பெயர், ஆண்டு, திங்கள் என்ற அளவில் பதிவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உள்ளே யார் எதை எழுதினார் என்பதை ஒவ்வொன்றாகத் திறந்தே அறிதல் வேண்டும்.

எனினும் உள்ளடக்கப் பட்டியல் வேறு, கட்டுரைப் பட்டியல் வேறு என்பதை நாம் மறத்தலாகாது. முன்னது இதழுக்கு உரியது. கட்டுரைக்கென்று அதில் தனிப் பதிவு இல்லை. மல்லிகையின் அட்டையில் படம் இடம்பெற்ற எழுத்தாளர்களைப் பற்றி உள்ளே வந்த கட்டுரைகள் பின்னர் நூல்களாகவும் தொகுக்கப்பெற்றன. இதழின் வரிசையில் ஒரு வரியும் நூலின் வரிசையில் மற்றொரு வரியும் இருந்தால், இரண்டும் ஒரே கட்டுரை என்பதை அவ்வரிகள் அறியா. 'ஆசிரியர் பக்கம்', 'முன்னுரை' என்ற தலைப்புகளோ ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் நிற்கும். பெயர்ச் சிக்கலைச் சொல்லவே வேண்டாம். நம் தனிநாயகம் அடிகளாரே தனிநாயக அடிகள், சேவியர் தனிநாயகம் என்று இடத்திற்கு ஒரு பெயராக நிற்கின்றார். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமரிசனம் எழுதினார். பாரதியார் ஷெல்லிதாசனாகவும் காளிதாசனாகவும் எழுதினார். பேரறிஞர்களுக்கு இப்பெயர்களைத் தேடி இணைக்கத் தனி ஆய்வாளர்கள் வாழ்நாளைச் செலவிட்டனர். சிற்றிதழில் நான்கு கட்டுரை எழுதி மறைந்த ஆசிரியருக்கு அவ்வாறு யார் வருவார்?

அறிவியல் புனைகதை அன்பர்கள் 1995 முதல் கூடிப் பேணிவரும் ஆங்கிலத் தரவுத்தளம் ஒன்று இங்கே நமக்கு நல்ல பாடம். கதைகளுக்கென்று பிறந்ததாயினும் அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பதிவு உண்டு. 'முன்னுரை' என்று மட்டும் தலைப்பிருந்தால், எந்த நூலின் முன்னுரை என்பதைப் பக்கத்தில் சேர்த்தெழுதும் முறை உண்டு. தலைப்போ பெயரோ மாறி வெளிவந்த மறுபதிப்பு முதற்பதிவோடு பிணைக்கப்படுகிறது. புனைபெயர் இயற்பெயரோடு பிணைக்கப்படுகிறது. விண்கலக் கதை படிப்போர் தம் இதழ்த் துணுக்குகளுக்குக் காட்டும் இந்த அக்கறையை நாம் நம் சிந்தனையாளர்களின் கட்டுரைகளுக்குக் காட்டாதது வருந்தத்தக்கது.

இது திருச்சபையின் மரபுக்கும் புதியதன்று. குருமடத்தில் திருச்சபைத் தந்தையரைப் பயின்றோர் இதனை அறிவர். புனித அகுஸ்தினாரின் மறையுரையும் மடலும் குறுகிய ஆக்கங்களே. அவை எந்தத் தொகுதியில் அச்சானாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய எண் உண்டு. எண்ணைச் சொன்னால் எந்நாட்டாரும் எடுத்துப் பார்க்கலாம். அவருடைய படைப்புகள் அடங்கிய சுவடிகளைப் பட்டியலிடும் பணியில் இருந்த யோகான்னஸ் திவ்யாக் என்பவரே அதுவரை எவரும் அறியாத மடல்களைக் கண்டெடுத்து 1981இல் வெளியிட்டார். 1990இல் மைன்ஸ் நகர நூலகச் சுவடிகளின் பட்டியல் வழியே பிரான்சுவா டோல்போ 26 மறையுரைகளைக் கண்டறிந்தார். அவற்றுட் பல முற்றிலும் புதியன. சில முன்பு துண்டுகளாக மட்டும் கிடைத்தவை. பட்டியலிடுதலை எழுத்தர் வேலை என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்ட தமிழாய்வு வழிகாட்டி அரிய தொண்டு. ஆயினும் அது நூல்களுக்கு மட்டுமே உரியது என்பதை அதன் தலைப்பே கூறிவிடுகிறது. என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்ட'மும் நூல்களின் பட்டியலே. தனியொருவர் தாங்கக்கூடிய சுமை அவ்வளவுதான். கட்டுரைகளுக்குப் பலர் கை வேண்டும்.

ஆனால் பலர் கூடுவதால் மட்டும் பட்டியல் செம்மையாகிவிடாது. அமெரிக்காவில் வில்லியம் பூல் 1882இல் பல நூலகங்களுக்குப் பணியைப் பங்கிட்டுக் கொடுத்து இதழ்க் கட்டுரைகளின் பேரட்டவணை ஒன்றை வெளியிட்டார். பொருள்வாரியாக அமைந்த அதில் ஆண்டு தரப்படவில்லை. ஆசிரியர் அகரவரிசையும் இல்லை. அவ்வரிசையைப் பிறர் ஆக்கித் தர 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. முதல் நாளில் எந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறோம் என்பதில் அத்தனை பொருள் உண்டு.

இவ்வளவையும் கொல்லிமலையில் இருந்துகொண்டு நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இம்மலையைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் நூற்பட்டியலைத் தேடினால் அவருக்கு என்ன கிடைக்கும்? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் கிடைக்கும். ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி கிடைக்கும். இம்மலையில் உழைத்து 1929இல் மறைந்த பாப்திஸ்து மறைப்பணியாளர் ஜெசி பிராண்டின் துணைவியார் ஈவ்லினைப் பற்றி டாரத்தி கிளார்க் வில்சன் எழுதிய வரலாறு கிடைக்கும். யாவும் மதிக்கத்தக்கவை, யாவும் வெளியார் எழுதியவை. மலைமக்களும் அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தோரும் எழுதியவை பள்ளி ஆண்டு மலரிலும் ஆலய வெள்ளிவிழா மலரிலும் சங்கச் சிறப்பிதழிலும் இரண்டு மூன்று பக்கங்களாக உள்ளன. சாமையும் பனிவரகும் விளைந்த வயல்களில் மரவள்ளி பரவிய கதையை, குதிரில் தானியம் காத்த முறையை, கால்நடையாகக் கீழே இறங்கிச் சந்தைக்குச் சென்ற நாள்களை அவற்றிற்போல் அருகிருந்து சொல்லும் நூல் எதையும் நாம் கண்டதில்லை. நூலை மட்டும் அலகாகக் கொள்ளும் பட்டியல், தன்னையறியாமலே, மலையைப் பற்றிப் பேசும் உரிமையை வெளியாருக்கே வழங்கிவிடுகிறது.

உள்ளடக்க வரிசையும் இங்கு ஓரளவே உதவும். 'தேனும் தினையும்' என்று ஒருவர் தலைப்பிட்டிருந்தால், 'கொல்லிமலை' என்று தேடுவோர் கண்ணில் அது படாது. 'மலையாளி' என்று தேடினாலோ கேரளம் முழுவதும் வந்து குவியும். இம்மலையின் பழங்குடியினருக்கும் அதுவே பெயர் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? ஆகவே தலைப்பு, எழுதியவர், முதலில் வெளிவந்த இடம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றோடு எந்த ஊர், எந்த மக்கள், என்ன பொருள் என்று ஒரு வரிக் குறிப்பும் வேண்டும். அவ்வரியைச் சென்னையிலோ கொழும்பிலோ இருக்கும் தன்னார்வலர் எழுத முடியாது. கட்டுரையைப் படித்த உள்ளூரார்தாம் எழுத வேண்டும்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. விழா மலர்க் கட்டுரைகளிற் பல 'ஓர் ஆசிரியை', 'பங்கு மகள்' என்ற ஒப்பத்தோடு நிற்கின்றன. அச்சத்தால் பெயரை மறைத்தவரும் உண்டு, அடக்கத்தால் மறைத்தவரும் உண்டு. உயிரோடிருப்பவரைக் கேளாமல் பொதுத் தரவுத்தளத்தில் பெயரை வெளியிடுதல் முறையன்று என்பது நம் துணிபு. அதே வேளையில், யார் எழுதினார் என்று அறிந்தோர் முதுமை எய்தி வருகின்றனர். அச்சிட்டவாறே ஒப்பத்தைப் பதிந்து, இயற்பெயரைப் பங்கு அலுவலக ஏட்டில் தனியே குறித்து வைத்து, உரியவரின் இசைவு கிடைத்தபின் இரண்டையும் இணைக்கலாம். மலர்களின் படிகளைப் பெட்டியில் வைத்திருக்கும் பங்குகள் முதலில் அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையுமாவது படியெடுத்து வைக்கட்டும். மழைக்காலத்தில் மலைமேல் காகிதம் நெடுநாள் தாங்குவதில்லை.