'எம்': கொலைஞனும் கூட்டமும்

மர்மப் படங்களைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் நிலவுகின்றன. பொழுதுபோக்கை நாடுவோர் அவற்றைப் பார்த்துவிட்டு மறந்துவிடுகின்றனர். இலக்கிய ஈடுபாடுடையோரோ அவற்றைப் பார்ப்பதே தம் தகுதிக்குக் குறைவென ஒதுக்கிவிடுகின்றனர். சமுதாயப் பயன் கருதிக் கலையை மதிப்பிடும் நாமும் இவ்விரண்டாம் சாராருடன் சேர்ந்து நின்றதுண்டு. குற்றவாளியைத் துரத்தும் கதையில் மக்கள் வாழ்க்கைக்கு என்ன இடமுண்டு என்று நாமும் கேட்டிருக்கிறோம். அக்கேள்வி எவ்வளவு அவசரமானது என்பதை நமக்கு உணர்த்திய படம் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் இருந்து, பிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய 'எம்' என்னும் ஜேர்மன் திரைப்படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் மாணவர் ஒருவர் எழுந்து, "அவனை அந்தக் கூட்டத்திடமே விட்டிருக்க வேண்டும், சேர்" என்றார். வேறு பலரும் தலையசைத்தனர். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. முதன்முறை அப்படத்தைப் பார்த்தபோது நம் மனமும் அதனையே விரும்பியிருந்தது என்பதே அதற்குக் காரணம். இக்கட்டுரை அம்மாணவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் விடையாகும்.

'எம்' 1931 ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. லாங்கின் முதலாவது பேசும் படம் அதுவே. அவரும் அவர் மனைவி தேயா ஃபொன் ஹார்பூவும் திரைக்கதையை எழுதினர். ஜேர்மனியிலே தொடர்கொலைகள் மக்களைக் கலக்கியிருந்த காலம் அது. டுசெல்டோர்வ் நகரில் பலரைக் கொன்ற பீற்றர் கூர்ற்றன் 1930 மே மாதத்தில் பிடிபட்டு, இப்படம் வெளிவந்து இரு மாதங்களுக்குள் மரண தண்டனைக்கு உள்ளானான். பொருளாதார நெருக்கடியால் 1931 இல் அந்நாட்டில் வேலையற்றோர் தொகை சராசரியாக 45 இலட்சம் அளவுக்கு உயர்ந்திருந்தது. 1930 செப்டெம்பர்த் தேர்தலில் 107 ஆசனங்களைப் பெற்று நாஸிக் கட்சி பாராளுமன்றத்தின் இரண்டாவது பெருங்கட்சியாகியிருந்தது. பசியும் அச்சமும் சினமும் ஒருங்கே சூழ்ந்த அத்தகைய நாட்டிலே, அச்சம் மனிதரை என்ன செய்கிறது என்பதைப் பொருளாகக் கொண்டு எழுந்த படம் இது.

கதை எளிது. பெர்லின் நகரில் ஒருவன் சிறுமியரைத் தொடர்ந்து கொன்றுவருகிறான். பொலிசார் இரவுபகலாகத் தேடுதல் நடத்துகின்றனர். அத்தேடுதலால் தம் தொழில் கெட்டுப்போவதைக் கண்ட திருடர் கூட்டத்தினரும் பிச்சைக்காரரை ஒற்றராக நிறுத்தி அவனைத் தேடுகின்றனர். திருடரே முதலில் அவனைப் பிடித்து, கைவிடப்பட்ட வடிசாலை ஒன்றிற்கு இழுத்துச் சென்று 'விசாரணை' செய்கின்றனர்.

தொடக்கக் காட்சியைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். தொழிலாளர் குடியிருப்பொன்றின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிய பாட்டொன்றைப் பாடி விளையாடுகின்றனர். மேல்மாடத்தில் அழுக்குத் துணிக் கூடையைச் சுமந்து செல்லும் பெண்ணொருத்தி அவர்களைக் கடிந்துகொள்கிறாள். கூடையைப் பெற்றுக்கொள்பவள் பிறர் துணிகளை வெளுத்துப் பிழைக்கும் பெக்மன் என்பவள். பிள்ளைகளின் குரல் கேட்கும்வரை அவர்கள் நலமாயிருக்கிறார்கள் என்றாவது தெரிகிறதே என அவள் ஆறுதல் கொள்கிறாள். பாடசாலை விடும் நேரம் வருகிறது. வாயிலில் ஏனைய பெற்றோர் காத்து நிற்கின்றனர். பெக்மனின் மகள் எல்சியோ தனியே வருகிறாள். பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் வண்டிகளை நிறுத்தி அவளைப் பத்திரமாகத் தெருவைக் கடக்கச் செய்கிறார். அடுத்த தெருவில், கொலைஞனைப் பிடித்துத் தருவோருக்கு 10,000 மார்க் பரிசு என்ற விளம்பரத்தின் மீது அவள் பந்தை எறிந்து விளையாடுகையில், அவ்விளம்பரத்தின் மேலேயே ஓர் ஆணின் நிழல் விழுகிறது.

கொலை நமக்குக் காட்டப்படுவதில்லை. தாய் மகளின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். ஆளற்ற படிக்கட்டு, துணிகள் தொங்கும் பரண், மேசையில் வெறுமையாக இருக்கும் கோப்பை என ஒவ்வொன்றாகக் காண்கிறோம். புதர் ஒன்றிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பலூன் தந்திக் கம்பிகளிற் சிக்கித் தவித்துப் பின் காற்றோடு போய்விடுகிறது. இவ்வளவே. குருதியைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் படங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது. கொலையைக் காட்டியிருந்தால் நாம் அதனை வேடிக்கை பார்த்திருப்போம். காட்டாமையால் அத்தாயின் இடத்திலே நிற்கிறோம். அன்றியும், அக்குழந்தை ஏன் தனியே வந்தாள் என்ற வினாவும் எழுகிறது. அவளை அழைத்துவர நேரமில்லாதபடி அவள் தாய் பிறர் அழுக்கைத் துவைத்துக்கொண்டிருந்தாள் என்பதே அதற்கு விடை. இதனை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துணிக் கூடையும் தொட்டியுமே சொல்லிவிடுகின்றன.

இதன் பின்னர் நகரம் முழுவதும் ஐயம் பரவுகிறது. மேசையைச் சுற்றியிருந்து மதுவருந்தும் நண்பர் ஒருவரையொருவர் கொலைகாரன் என்று ஏசிக்கொள்கின்றனர். தெருவில் ஒரு சிறுமிக்கு நேரம் சொன்ன குற்றத்துக்காக வயோதிபர் ஒருவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. பொலிஸ் அதிகாரிகளின் ஆலோசனைக் கூட்டத்தையும் திருடர் தலைவரின் ஆலோசனைக் கூட்டத்தையும் லாங் மாறிமாறிக் காட்டுகிறார். இங்கே தொடங்கிய கையசைவு அங்கே முடிகிறது. அங்கே எழுந்த வாக்கியத்தை இங்குள்ளவர் நிறைவு செய்கிறார். இரு அறைகளிலும் ஒரே புகை, ஒரே முகச்சுளிப்பு. திருடர் தலைவனை முன்னின்று செலுத்துவது நீதியுணர்ச்சியன்று, தொழில் நட்டமே. ஆயினும் அவன் பேசுவது முழுவதும் நீதியின் மொழியிலேயாம். இச்சித்திரிப்பு வெறும் உத்திச் சிறப்பன்று. உருவமே உள்ளடக்கமாகி நிற்கும் இடம் இது.

கொலைஞனாகிய பெக்கேர்ட்டாக நடித்தவர் பீற்றர் லோரே. உருண்டை முகமும் பெரிய கண்களுமுடைய, எவரும் ஐயுறாத ஒரு சாதாரண மனிதன். படத்துக்குப் பின்னணி இசை அமைக்கப்படவில்லை. வேட்கை மேலிடும்போதெல்லாம் நோர்வே நாட்டு இசையமைப்பாளர் கிறீக்கின் இசைத்துணுக்கு ஒன்றை அவன் சீழ்க்கையடிக்கிறான். அந்தச் சீழ்க்கையைக் கேட்டு அவனை இனங்காண்பவர் பலூன் விற்கும் ஒரு குருடர். கண்ணுள்ள நகரம் முழுவதும் தேடியும் காணாதவனை அவர் செவியாற் கண்டுகொள்கிறார். அவர் சொற்கேட்டு ஓர் இளைஞன், கொலைஞன் என்பதற்கான ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தாகிய 'எம்' என்பதை உள்ளங்கையில் வெண்கட்டியால் எழுதி, தடுக்கியதுபோல் நடித்து அவன் தோளிற் பதித்துவிடுகிறான். பின்னர் கண்ணாடியொன்றில் அவ்வெழுத்தைக் கண்டு பெக்கேர்ட் விழிக்கும் விழிப்பு, வேட்டையாடியவன் வேட்டைப்பொருளாவதை ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது. அக்கணத்தில், நம்மை அறியாமலே, அவன் தப்பிவிடுவானா என்ற படபடப்பும் நமக்கு உண்டாகிறது. இங்கேதான் நெறியாளர் நம் மனச்சாட்சியின் மேற் கைவைக்கிறார்.

வடிசாலை விசாரணையே படத்தின் சிகரம். படிகளில் இறங்கி வரும் பெக்கேர்ட்டை நூற்றுக்கணக்கான கண்கள் மௌனமாக நோக்குகின்றன. தலைமை வகிப்பவனே பொலிசாரால் தேடப்படும் கொலைக் குற்றவாளி. பெக்கேர்ட் மண்டியிட்டுக் கதறுகிறான். நீங்கள் விரும்பித் திருடுகிறீர்கள், விரும்பினால் விட்டுவிடவும் உங்களால் முடியும்; என்னுள் இருப்பதை விட்டு ஓட என்னால் முடியவில்லை என்பதே அவன் கூற்றின் சாரம். கேட்போருட் சிலர் தம்மையறியாது தலையசைக்கின்றனர். அவனுக்காகப் பேச நியமிக்கப்பட்டவர், நோயாளியை ஒப்படைக்க வேண்டியது வைத்தியரிடமேயன்றிக் கொலையாளரிடமன்று என வாதிடுகிறார். கூட்டம் அவரை எள்ளி நகைக்கிறது. களையைப் பிடுங்குவதுபோல் அவனை அழித்துவிடவேண்டும் என்ற வெறி மூண்டு எல்லோரும் பாயும் தறுவாயிற் பொலிசார் வந்துவிடுகின்றனர்.

அப்படியாயின் இப்படம் கொலைஞனுக்குப் பரிந்து பேசுகிறதா? இல்லை. எல்சியின் வெறுங்கோப்பையை அது ஒருபோதும் மறக்கவில்லை. இறுதியில் நீதிபதிகள் வந்து அமர்கின்றனர். தீர்ப்பு நம் செவிக்கு எட்டுமுன் கருப்புடை அணிந்த தாய்மாரே தோன்றுகின்றனர். எத்தீர்ப்பும் பிள்ளைகளை மீட்டுத் தராது என்றும், பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர்களுள் ஒருத்தி கூறுகிறாள். இவ்விறுதி வாசகம் நமக்கு முழு நிறைவு தரவில்லை. துவைக்கும் தொட்டியை விட்டு நகர இயலாதவளிடம் இன்னும் கவனமாயிரு என்பது, சமுதாயம் ஏற்கவேண்டிய பொறுப்பைத் தாயின் தலையிற் சுமத்துவதாகும். முதற்காட்சி கண்ட உண்மையை முடிவு கைநழுவ விட்டுவிட்டது.

சீக்ஃபிறீட் கிறக்கவர் என்ற விமர்சகர் 1947 இல் வெளியிட்ட நூலில், இப்படம் கட்டற்ற நிலைக்கும் அதிகாரத்துக்கும் இடையே தத்தளிக்கிறது என்று கருதினார். அத்தத்தளிப்பு உண்மையே. அதனாற்றான் கோயபல்ஸ் 1931 இல் தம் நாட்குறிப்பில், மரண தண்டனையை ஆதரிக்கும் படமென இதனைப் புகழ முடிந்தது. ஆயினும் அவர் கட்சியின் ஆட்சியே 1934 இல் இதனைத் தடைசெய்தது. யூதரான லோரே 1933 இல் நாட்டை விட்டு வெளியேறினார். லாங்கும் அவ்வாண்டிலேயே வெளியேறினார். 1940 இல் யூதர் மீது வெறுப்பை மூட்டுவதற்கென நாஸிகள் எடுத்த 'நித்திய யூதன்' என்ற படத்தில், லோரேயின் அதே கதறலை வெட்டியெடுத்து ஒட்டினர். கேள்வியை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். நடித்துக் காட்டிய நோயை நடிகரின் இனத்துக்கு உரியதாக்கினர். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், குணப்படுத்த முடியாதோர் என்று முத்திரை குத்தப்பட்ட மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 70,000 பேருக்கு மேற்பட்டோர் அவ்வரசாங்கத்தின் திட்டமொன்றின்கீழ்க் கொல்லப்பட்டனர். வடிசாலையிற் கூச்சலாக எழுந்தது அரசாங்கக் கோப்பில் ஆணையாக அமர்ந்துவிட்டது.

ஒரு படத்தை எவ்வாறு பார்ப்பது என்பது இரசனைப் பிரச்சினை மட்டுமன்று என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. நம் மாணவருடைய சினம் குழந்தைகள்பாற் கொண்ட அன்பிற் பிறந்தது. அதனை நாம் இழிவாகக் கருதவில்லை. அவருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: தம்பி, அடுத்த முறை இப்படத்தைப் பார்க்கும்போது கொலைஞனை விட்டுவிட்டு, அவனைச் சூழ்ந்து நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பாரும். அவற்றுள் உம்முடைய முகமும் நம்முடைய முகமும் இருக்கின்றனவா என்று தேடும். பின்னர் முதற்காட்சிக்குத் திரும்பி, அந்தத் துணிக் கூடையைப் பாரும்.