அயல் என்றால் பக்கத்து வீடு

நாற்பது வயதில் ரஷ்ய மொழி கற்றே தீருவேன் என்று கிளம்பிய ஆள் நான். ரா. கிருஷ்ணையாவின் தமிழில் ‘வெண்ணிற இரவுகள்’ படித்ததால் பிடித்த கிறுக்கு. பாலபாடப் புத்தகம் வாங்கி, பாலக்காடு மாவட்டத்து முதலமடை மாந்தோப்பில் காவல் சாளையில் உட்கார்ந்து உருப்போட்டேன். அவர்களுக்கு ஆறு வேற்றுமைதானே, நமக்கு எட்டாயிற்றே என்று தெம்பாக ஆரம்பித்தவன், நான்காம் பாடத்தில் படுத்துவிட்டேன். தப்போ சரியோ, பேசிப் பார்க்க ஆள் வேண்டாமா? எனக்கு வாய்த்தது மாமரங்கள்தான்.

அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. வீட்டில் தமிழ். பொள்ளாச்சிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததும் தமிழ். ஆனால் சந்தை, பஸ், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் மலையாளம். பிறந்ததிலிருந்து பேசுகிற அந்த மொழியில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது! கண்டக்டர் கூவுவதைக் கேட்டுத்தான் பஸ் ஏறுவேன். அயல்மொழி அயல்மொழி என்று மாஸ்கோவரை போனேனே, மலையாளத்தில் ‘அயல்க்காரன்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா!

மலையாளம் வாசிக்கப் பிடித்தது மூன்று மாதம். சத்தியமாக மூன்றே மாதம்! பாடப் புத்தகம் பஸ் போர்டும் கடைப் பலகையும். நம் ஒற்றைக் ‘க’வுக்கு அங்கே நான்கு எழுத்து, கொஞ்சம் திணறத்தான் செய்தது. ஆனால் ‘ழ’வும் ‘ள’வும் ‘ற’வும் சொந்தக்காரர்களைப் போல் வந்து நின்றன. நாம் புள்ளி வைக்கும் சில இடங்களில் அவர்களுக்கு ‘சில்லு’ என்று தனி எழுத்துகள். வால் சுழித்த அழகிகள். ஓசையெல்லாம் முன்பே காதில் இருந்ததால், எழுத்து கண்ணில் பட்டதும் சொல் தானாகக் குதித்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வாயனசாலை என்கிற எங்கள் நூலகத்துச் சேச்சி, “ஆத்யம் பஷீர்”, முதலில் பஷீர், என்று ‘பாத்தும்மாயுடெ ஆடு’ எடுத்துத் தந்தார். 1971 லிபிச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய அச்சு. எனக்கு அதுவே வசதி: நம் ‘கு’, ‘து’ போல உகரம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்த ஆடு இருக்கிறதே, பஷீர் எழுதிய ‘பால்யகாலசகி’யையே மென்று தின்றுவிடும். இலக்கணம் எங்கே என்று தம்பி அவரிடம் சண்டைக்கு வருவான். மனிதர் அசருவதே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் உலகத்தில் கிடையாது. தோப்பில் தனியாக உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்த காவல்காரர், “என்னங் முதலாளி, உடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று கேட்டேவிட்டார்.

பிறகு ஓ.வி. விஜயன். 1969-இல் நூலாக வந்த ‘கசாக்கின்டெ இதிகாசம்’! யூமா வாசுகியின் தமிழாக்கத்தை, 2017-க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது பெற்ற அந்த நூலை, ஏற்கெனவே படித்து மயங்கியவன்தான். ஆனாலும் மூலம் மூலம்தான். ஒரு வினைச்சொல்லில் பிடிபட்டது எனக்கு. நாவலின் ஆட்களைத் தமிழில் சொன்னால் ரவி வந்தான், மொல்லாக்கா வந்தார், மைமுனா வந்தாள், பாம்பு வந்தது. மலையாளத்தில் எல்லோருக்கும் ஒரே ‘வந்நு’! ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா, மனிதரா ஜந்துவா என்று வினை கேட்பதே இல்லை. கசாக்கில் மனிதரும் ஓணானும் பனையும் பேயும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியதற்கு இந்த விகுதி இல்லாத வினையும் ஒரு காரணம். இதை எந்த மொழிபெயர்ப்பாளரால் தமிழில் கொண்டுவர முடியும்? தமிழ் விடாதே! இன்னொன்று, கசாக்கில் வாழும் ராவுத்தர்களின் பேச்சில் அடிக்கிற தமிழ் வாடை. மலையாள நாவலுக்குள் எங்கள் சந்தைச் சத்தம் கேட்டபோது புல்லரித்தது.

புத்தகத்தை மூடிய ஞாயிற்றுக்கிழமையே பைக்கை எடுத்தேன். கசாக்குக்கு அச்சாக இருந்த தஸ்ராக் கிராமம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. விஜயனின் சகோதரி ஓராசிரியர் பள்ளியில் பாடம் எடுத்த ஊர். விஜயன் தங்கியிருந்த ‘ஞாற்றுப்புர’ நினைவிடமாகியிருக்கிறது. அந்த ஊர் அறபிக்குளத்துப் படியில் உட்கார்ந்தேன். கணவாயிலிருந்து காற்று வந்து பனையோலையைச் சலசலவென்று உலுக்கியது. சிறு வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ‘கரிம்பன’ என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

வழியில் சித்தூர் குருமடத்துக்கும் போனேன். மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்று சொல்வார்கள். வாசலில் இருந்த பலகையை நின்று நிதானமாக, யாரையும் கேட்காமல் வாசித்தேன். எழுத்துக்கே பேர்போன மனிதரின் வாசலில் அப்படி நிற்க எனக்கு நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது!

இப்போது எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘ரண்டாமூழம்’ ஓடிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சி, தேனி, நாகர்கோவில் பக்கத்து வாசகர்களே, பிரெஞ்சும் ஸ்பானியமும் கற்கலாம், தாராளமாக. அதற்கு முன்னால் மதில் மேல் எட்டிப் பாருங்கள். உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மொழியில் யாரோ ஒருவர் உங்கள் ஊர்க் காற்றை எழுதி வைத்திருக்கக்கூடும்.

ரஷ்யப் பாலபாடம் சாளை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆடு எதுவும் தின்னவில்லை.