காலடி பட்டால்தான் வரைபடம்

பெரும்பாலான வீடியோ கேம்களில் ஆட்டம் தொடங்கும்போதே வரைபடமும் தயாராக இருக்கும். திரையின் மூலையில் ஒரு வட்டம், போக வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. மைன்கிராஃப்ட் அந்த வழியில் போகவில்லை. 2011இல் பீட்டா 1.6 பதிப்பில் வரைபடம் வந்தபோதே அது நாமே செய்துகொள்ள வேண்டிய பொருளாகத்தான் வந்தது. ஜாவா பதிப்பில் கரும்பு வெட்டிக் காகிதம் செய்ய வேண்டும். நான்கு இரும்புக்கட்டிகளோடு ரெட்ஸ்டோன் தூள் சேர்த்துத் திசைகாட்டி செய்ய வேண்டும். எட்டுத் தாள்களின் நடுவே அதை வைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும்.

கிடைப்பதும் வெற்றுத்தாள்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க நடக்கத்தான் நிலம் அதில் பதிகிறது. பையில் போட்டுவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் ஒரு புள்ளி விழாது. இந்த விளையாட்டில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். அறியாத நிலத்தை அறியாததாகவே விட்டுவைக்கும் துணிவு பல விளையாட்டுகளுக்கு இல்லை. இங்கே தாளில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்த இடம்.

அந்தத் தாளை உற்றுப் பார்த்தால் அது படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதும் தெரியும். அடிப்படை அளவில் ஒரு புள்ளி என்பது ஒரு பிளாக், அதாவது இந்த உலகம் கட்டப்பட்ட கனசதுரங்களில் ஒன்று. மொத்தம் 128க்கு 128. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் அதற்கு வடக்கே உள்ள பிளாக்கை வைத்து முடிவாகிறது. வடக்கே இருப்பதைவிட உயரமென்றால் வெளிர் நிறம், தாழ்வென்றால் அடர் நிறம். அதனால் ஒரு மலையின் வடசரிவு ஒளிர்கிறது, தென்சரிவு இருள்கிறது. தண்ணீரில் ஆழம் கூடக் கூட நீலம் அடர்கிறது. பழகிய கண்ணுக்கு எங்கே ஏறலாம், எங்கே படகு விடலாம் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

பலர் சேர்ந்து ஆடும்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது. ஒரு வரைபடத்தின் நகல்கள் அனைத்தும் ஒரே பதிவைத்தான் காட்டும்; ஒருவர் கிழக்கே நடந்து நிரப்பியது மற்றவர் கையிலும் தெரியும். ஃப்ரேம்களில் வரிசையாக மாட்டி ஒரு சுவரையே ஊரின் படமாக்கலாம். ஜாவா பதிப்பில் 1.13 முதல், பெயரிட்ட பேனரை நட்டு வரைபடத்தால் தொட்டால் அந்தப் பெயரே தாளில் ஏறிவிடுகிறது.

குறைகள் அளவைப் பெரிதாக்கும்போது தொடங்குகின்றன. நான்கு முறை விரித்தால் ஒரு தாள் 2048 பிளாக் அகலத்தைக் காட்டும்; ஆனால் அப்போது ஒரு புள்ளிக்குள் 256 பிளாக்குகள் அடங்கும், அவற்றில் அதிகமுள்ள நிறமே மிஞ்சும். குறுகிய பாலமும் சிறிய குடிசையும் காணாமல் போய்விடும். உழைப்போ குறையாது. நம்மைச் சுற்றி ஏறத்தாழ 128 பிளாக் தூரம்தான் பதிகிறது என்பதால், அந்தத் தாளை நிரப்ப வயலை உழுவதுபோல எட்டுச் சால் போக வேண்டும். சமதரையில் நடந்தால் ஒரு சாலுக்கு எட்டு நிமிடம். மலையும் கடலும் குறுக்கிடாவிட்டாலே ஒரு மணி நேரம் தாண்டிவிடும். 1.8 பதிப்புக்குப் பின் தாள்கள் நிலையான கட்டங்களில் பொருந்துவதால் சுவரில் ஒட்டும்போது இடைவெளி இல்லை. அதே காரணத்தால் உங்கள் வீடு இரண்டு தாள்களின் விளிம்பில் பிளந்து நிற்கவும் கூடும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறொன்று. வழி தவறுவது பெரும்பாலும் தரைக்கு மேலே அல்ல, கீழே. 2021இல் வந்த 1.18 பதிப்பு உலகத்தின் அடித்தளத்தை மைனஸ் 64 வரை இறக்கி, பிரம்மாண்டமான குகைகளைத் திறந்துவிட்டது. வரைபடமோ மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது. குகைக்குள் நிற்பவருக்குத் தலைக்கு மேலுள்ள காட்டின் படம் எதற்கு? நெதர் என்னும் விளையாட்டின் பாதாள உலகில் இன்னும் மோசம். அங்கே ஒரு பிளாக் நடந்தால் வெளியுலகில் எட்டு பிளாக் என்பதால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். அந்த இடத்தில் வரைபடம் பொருளற்ற புள்ளிக்கோலத்தைத்தான் காட்டுகிறது. துணை மிகவும் தேவைப்படும் இரண்டு இடங்களிலும் அது கைவிட்டுவிடுகிறது.

இந்த ஓட்டையை, எஃப்3 விசையை அழுத்தினால் வரும் திரையில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்கள் அடைத்துவிடுகின்றன. மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் எந்தக் குகையிலிருந்தும் வீடு திரும்பலாம். கரும்பும் வேண்டாம், திசைகாட்டியும் வேண்டாம். திரை மூலையில் வரைபடம் காட்டும் மினிமேப் மாட்களை (கூடுதல் நிரல்களை) நாடுவோரும் இதே காரணத்துக்காகத்தான் போகிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சிலர் பழிப்பதை நான் ஏற்கவில்லை. நடந்து வரைவதில் உள்ள மகிழ்ச்சியை இவர்கள் வெறுக்கவில்லை, தரைக்குக் கீழே வரைய இவர்களுக்குத் தாள் தரப்படவில்லை. நின்ற ஆழத்தைப் பதியும் ஒரு குகை வரைபடத்தையும், நெதருக்கென ஒரு தாளையும் விளையாட்டை உருவாக்கிய மோஜாங் தரட்டும். அதுவரை எஃப்3 அழுத்துபவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.