பேக்கேஜ் சொல்லாத கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி விளம்பரங்களில் பாடத்தைவிடப் பெரிதாக நிற்பது உச்ச பேக்கேஜ், அதாவது அதிகபட்ச ஆண்டுச் சம்பளம். யாரோ ஒருவருக்குக் கிடைத்த தொகை அது. பெற்றோர் அதைத் தம் பிள்ளைக்கான தொகையாகவே படிக்கிறார்கள்.

வேலையையும் பேக்கேஜையும் பார்த்துக் கல்லூரியைத் தேர்வதை முழுக்கப் பழிக்க முடியாது. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வந்த பிள்ளையை, மெக்கானிக்கலோ சிவிலோ எதைப் படித்திருந்தாலும், ஒரு தேர்வும் ஒரு நேர்காணலும் வைத்து மாதச் சம்பளத்தில் உட்கார்த்தியது வளாகத் தேர்வுதான். அரசு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அது சின்ன மாற்றம் அல்ல.

கோளாறு தொகையில் இருக்கிறது. பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் 2010-ஐ ஒட்டிப் புதியவர்களுக்குத் தந்தது ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். இன்றும் அடிமட்ட வேலைக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே தருகிறார்கள். கல்லூரிக் கட்டணமும் சென்னை வாடகையும் அப்படி நின்றுவிடவில்லை. அந்தத் தொகையும் முழுதாகக் கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பிஎஃப், பணிக்கொடை, காப்பீடு, வந்தாலும் வரும் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கேஜ். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து முப்பதாயிரம் என்று வங்கிக் கடன் தவணையைத் திட்டமிடுபவர் முதல் மாதமே தடுமாறுவார்.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் கல்லூரிகள் இடைநிலைச் சம்பளத்தை வெளியிடுகின்றன. பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ் என்பதால் உச்சத்தைவிட நேர்மையான எண். ஆனால் அதுவும் வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கிடைக்காதவர் அதில் பூஜ்யமாகக்கூட இல்லை. 2022-இல் பணி ஆணை வாங்கிய பலர் சேருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்லூரிக் கணக்கில் அவர்களும் வேலை பெற்றவர்களே.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. முதல் ஆண்டுச் சம்பளத்தைப் பார்த்துத்தான் கூட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் சாய்கிறது. 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, மாணவர் இடங்களுக்கான உச்சவரம்பை நீக்கியதும் கல்லூரிகள் அங்கேதான் இடங்களைக் கூட்டின. இன்றைய பேக்கேஜைப் பார்த்துச் சேரும் மாணவர் நான்காண்டு கழித்தே சந்தைக்கு வருவார், அதே பாடத்தைப் படித்த பெருங்கூட்டத்தோடு. பத்தாம் ஆண்டில் முன்னாள் மாணவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கலந்தாய்வுக்கு வருபவர்களும் கேட்பதில்லை.