செம்பருத்தியை வரைந்தால் போதுமா?

தாவர இனவிருத்திப் பாடத்துக்கு நம்மிடையே சுற்றிவரும் பயிற்றிகளில் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: நெடுக வெட்டிய செம்பருத்தி, சுற்றிலும் அம்புக்குறிகள், பக்கத்தில் காலிக் கோடுகள். மாணவர் மடமடவென்று நிரப்பிவிடுவார். புல்லி, அல்லி, மகரந்தப்பை, சூல்முடி, சூல்பை, எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் "விதை எப்படி உருவாகிறது?" என்று கேட்டால், "மகரந்தச் சேர்க்கை நடந்து விதை உருவாகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பல பயிற்றிகளின் மாதிரி விடையும் அதுதான் என்பதுதான் என் குறை.

முதலில் படம். செம்பருத்தி 1960இல் இருந்து நாட்டின் தேசிய மலர். வேலியோரம் எங்கும் கிடைக்கும், பாகங்கள் பெரிதாகத் தெரியும். வெட்டிக் காட்ட இதைவிட வசதியான பூ இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: செம்பருத்திக் காயை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நம் வேலியில் நிற்கும் வகைகள் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. கிளையை வெட்டி நட்டுத்தான் வளர்க்கிறோம். விதை உருவாவதைச் சொல்லிக்கொடுக்க, விதை வைக்காத பூவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்!

வெண்டைக்காய் செம்பருத்தியின் சொந்தக்காரச் செடிதான். பூவின் அமைப்பும் கிட்டத்தட்ட அதேதான்: நடுவில் குழாய்போல் சேர்ந்த மகரந்தத்தாள்கள், அவற்றைத் தாண்டி நிற்கும் சூல்முடி. பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். உதிர்ந்த இடத்தில் சில நாளிலேயே காய் நீண்டு நிற்கும். அதைக் குறுக்கே வெட்டுங்கள். அறை அறையாக விதைகள் இருக்கும். சூல்பை காயானது, சூல் விதையானது என்று மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, கண்ணெதிரே இருக்கு. பள்ளித் தோட்டத்தில் நாலு செடி போதும்.

அடுத்தது சொல். 'மகரந்தச் சேர்க்கை' என்ற பெயரிலேயே 'சேர்க்கை' இருக்கிறது. அதனால் ஆணும் பெண்ணும் சேர்வது அங்கேயே முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மாணவர்களே, நீங்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: மகரந்தச் சேர்க்கை என்பது மகரந்தத்தூள் சூல்முடியில் போய்ச் சேர்வது மட்டுமே. அதற்குப் பிறகு தூளிலிருந்து ஒரு குழாய் முளைத்து, சூல்தண்டுக்குள் இறங்கி, சூல்பையில் இருக்கும் சூலை அடைய வேண்டும். அந்தக் குழாய் வழியாக வரும் ஆண் உயிரணு சூலுக்குள் இருக்கும் முட்டை உயிரணுவோடு இணைந்தால்தான் கருவுறுதல். முன்னது நடந்தும் பின்னது நடக்காமல் போகலாம். நான் பார்த்த பயிற்றிகளில் மகரந்தக் குழாயைப் படத்தில் காட்டியவை மிகக் குறைவு.

குழாயைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்றால், பசார் மாலாமில் விற்கும் சோளம் இருக்கவே இருக்கு. உரிக்கும்போது எரிச்சலோடு பிடுங்கிப் போடுகிறோமே, அந்தப் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு சூலிலிருந்து வருவது. காற்றில் வந்த தூள் நூலில் ஒட்டி, குழாய் அந்த நீளம் முழுக்க உள்ளே பயணம் செய்து சேர்ந்தால் ஒரு மணி. அது நடக்காத நூலுக்கு மணி இல்லை.

மகரந்தச் சேர்க்கையின் முகவர்களைச் சொல்லும் பகுதியும் இப்படித்தான். வண்ண இதழ், தேன், வண்ணத்துப்பூச்சி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே எங்கு பார்த்தாலும் நிற்கும் செம்பனைக்கு வண்ண இதழும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் வருவதில்லை. ஆண் பூங்கொத்தின் வாசத்துக்கு வரும் ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது. 1981இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து விடும்வரை, பல தோட்டங்களில் ஆட்கள்தான் கையால் மகரந்தம் தூவினார்கள். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் டுரியான் பூவைத் தேடி வரும் வௌவாலுக்கும் பயிற்றியில் ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

அடுத்த பயிற்றியைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் பாகம் குறிக்கும் கேள்வியை நீக்க வேண்டாம், அது இருக்கட்டும். அதற்குக் கீழே, நடுநடுவே மணி இல்லாத ஒரு சோளக் கதிரின் படத்தைப் போட்டு, "இந்த இடங்களில் என்ன நடக்காமல் போயிருக்கலாம்?" என்று கேட்டு, நாலு கோடு விடுங்கள்.