புரியாத நாடகத்தை ரசிப்பது எப்படி?

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பக்கம் தேவாலயத் திருநாள் வந்தால் மேடை போட்டு நாடகம் வைப்பது பழைய வழக்கம். மலையாளத்தில் ‘புரொஃபஷனல் நாடகம்’ என்பார்கள். வெளியூர்க் குழு வேனில் வந்து இறங்கும். ஒரு குடும்பம், ஒரு கடன், ஒரு பிரிவு, கடைசியில் நெஞ்சை அடைக்கும் ஒரு சமாதானம். எங்கே சிரிப்பது, எங்கே உச்சுக் கொட்டுவது என்று மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே கூட்டத்தில் ஒருவர் பஸ் பிடித்து, திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள டாகூர் தியேட்டருக்குப் போகிறார், ஊர் ஊராகச் சுற்றி வரும் ஒரு நவீன நாடகம் பார்க்க. திரை இல்லை. இரண்டு பேர் ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் ஆகியும் ஏணியைக் கீழே வைக்கவில்லை, வாயைத் திறக்கவுமில்லை.

இந்த நேரத்தில் மேடையை விட்டுவிட்டு அரங்கைக் கவனியுங்கள். முதல் ஐந்து நிமிடம் மரியாதை. பிறகு ஓர் இருமல். அதற்குப் பதில் சொல்வதுபோல மூலையிலிருந்து இன்னொன்று. யாரோ மடியில் செல்போனை மெல்லத் திறக்க, மோவாய் மட்டும் நீலமாகத் தெரியும். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கும். நகைச்சுவைக்கு வந்த சிரிப்பில்லை அது; ‘எனக்கு மட்டும்தான் புரியலையா?’ என்று அக்கம்பக்கத்தை விசாரிக்கிற சிரிப்பு. வெளியே போகிறவர் குனிந்து, அவசரமாக ஃபோன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு போவார். எல்லாம் முடிந்து விளக்கு அணையும்போது கைத்தட்டுவதற்கு முன்னால் அரை நொடி தயக்கம் இருக்கும். முடிந்ததா, இன்னும் இருக்கிறதா? வாசலில் வந்து நிற்கும்போது ஒரே வாக்கியம்தான்: “ஒந்நும் மனசிலாயில்லல்லோ!” (ஒன்றுமே புரியலையே!)

இந்த வாக்கியத்தை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. நேர்மையான வாக்கியம் அது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் டிக்கெட் காசு வீண்.

பார்க்கப் போனால், புரியாத மொழியில், புரியாத வேகத்தில் நடக்கும் நாடகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கேரளத்தவர்கள். கூடியாட்டம் சமஸ்கிருதத்தில் நடக்கும். ஒரு நாடகத்தின் ஒரே அங்கத்தைப் பல இரவுகள் ஆடுவார்கள். ஒரு சுலோகத்துக்குக் கண்ணாலும் கையாலும் விளக்கம் சொல்லி முடிக்கவே நெடுநேரம் பிடிக்கும். புரியாதவர்களுக்காக நாடகத்துக்குள்ளேயே ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். விதூஷகன் மலையாளத்தில் பேசுவான், கிண்டலடிப்பான், நாயகன் சொன்ன சுலோகத்தையே கோணலாகத் திருப்பிச் சொல்லுவான். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் ‘மார்கி’ நிறுவனம் இந்தக் கலையையும் கதகளியையும் பல பத்தாண்டுகளாகக் காத்து வருகிறது. அங்கே போய் ஒரு மாலை உட்கார்ந்தால் நான் சொல்வது விளங்கும். கொச்சிப் பக்கத்து லத்தீன் கத்தோலிக்கர்களின் சவிட்டு நாடகம் இன்னொரு வகை. ஃபிராங்கியப் பேரரசன் ஷார்லமேனின் கதை ‘காறல்மான் சரித்திரம்’ என்ற பெயரில், தமிழ் தூக்கலாகக் கலந்த மொழியில், மரப்பலகை அதிர மிதித்து ஆடப்படும். பாட்டில் பாதி விளங்காவிட்டாலும் ஜனங்கள் விடிய விடியப் பார்த்தார்கள்.

எப்படி முடிந்தது? கதை முன்னாலேயே தெரியும். துச்சாதனன் சாவான் என்பது கதகளி பார்க்கப் போகிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே ‘என்ன நடக்கும்’ என்ற கவலையே இல்லை. கண்ணுக்கு முழு விடுதலை. எப்படிச் சாகிறான், புருவம் எப்படி நெளிகிறது, செண்டை எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்க்கலாம். நவீன நாடகத்தில் இந்த வசதி பறிபோகிறது. கதை தெரியாது, சில சமயம் கதையே கிடையாது. கண் ‘என்ன’ என்பதிலேயே சிக்கிக்கொண்டு ‘எப்படி’ என்பதைத் தவறவிடுகிறது.

ஆக, முதல் பாடம் இதுதான்: கதை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ஏணியை ஏன் தூக்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். யார் தோளில் பாரம் அதிகம், யார் முதலில் மூச்சு வாங்குகிறார், திரும்பும்போது யார் யாருக்கு வழி விடுகிறார் என்று பாருங்கள். கால்மணி நேரத்தில் அங்கே ஓர் எஜமானும் ஒரு வேலைக்காரனும், அல்லது ஒரு கணவனும் மனைவியும், உங்களுக்குத் தென்படத் தொடங்கலாம்.

கதையைப் பின்னுக்குத் தள்ளி ‘எப்படி’ என்பதை முன்னால் வைப்பதைத் திருவனந்தபுரத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தது காவாலம் நாராயணப் பணிக்கரின் ‘அவனவன் கடம்ப’ நாடகம். 1975இல் அரங்கேறியது. இயக்கியவர் ஜி. அரவிந்தன், அதுவரை ‘மாத்ருபூமி’ வார இதழின் கார்ட்டூன்காரராக ஊருக்குத் தெரிந்தவர், சினிமாவுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தார். நெடுமுடி வேணுவும் பரத் கோபியும் நடித்தார்கள். மண்டபத்துக்குள் வைக்காமல் திறந்த வெளியில், மரங்களுக்கு நடுவே ஆடினார்கள். கதை என்று சொன்னால் ஒரு கைப்பிடிதான்: ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று, பாட்டுக்காரர் கூட்டம் ஒன்று, இரண்டும் ஒரு திருவிழாவுக்குப் போகின்றன, நடுவில் ஒரு தடை, அதை அவனவன்தான் தாண்ட வேண்டும். தோப்பில் பாஸியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952இல் வந்ததிலிருந்து வசனமும் வர்க்கப் போராட்டமுமாகப் பார்த்துப் பழகிய கேரளத்துக்கு இது திடீர்த் திருப்பம். இது நாடகமா, ஆட்டமா, பாட்டுக் கச்சேரியா என்ற கேள்வி எழாமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்தத் தாளம் வயல்வெளியிலும் கோயில் முற்றத்திலும் கேட்ட தாளம். புத்தி தடுமாறுகிற இடத்தில் காது முந்திக்கொண்டது. நவீன நாடகம் என்றால் மேற்கத்திய சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த நாடகத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

குழப்பத்துக்கு நாடகம் மட்டும் காரணமில்லை, போஸ்டரும் காரணம் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ 1953 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. இரண்டு நாடோடிகள் ஒரு மரத்தடியில் யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பார்கள், அவர் வரமாட்டார். மூன்று வருடம் கழித்து, 1956 ஜனவரியில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு முதல் ஊராக மயாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘விஸர்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் கோழைச் சிங்கமாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்த பெர்ட் லார் கதாநாயகன். இரண்டு கண்டங்களைச் சிரிக்க வைத்த நாடகம் என்று விளம்பரம். குளிருக்கு ஒதுங்கி வந்த பணக்கார விடுமுறைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று வந்து உட்கார்ந்தது. இடைவேளைக்குப் பிறகு அரங்கில் பெரும்பகுதி காலி. மற்ற ஊர்ப் பயணம் ரத்தாயிற்று. நியூயார்க்குக்குப் போனபோது தயாரிப்பாளர் சூடுபட்ட பூனையாகி, இந்த நாடகத்துக்கு 70,000 அறிவுஜீவிகள் தேவை என்கிற ரீதியில் விளம்பரம் கொடுத்தார். முதல் விளம்பரத்தைவிட இது மோசம் என்பேன். சிரிக்க வந்தவன் ஏமாந்தால் எழுந்து போவான், அவ்வளவுதான். அறிவுஜீவி என்று பேர் எடுக்க வந்தவனோ புரியாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

1957 நவம்பரில் அதே நாடகம் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குப் போனது. ஏறத்தாழ 1,400 கைதிகள். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் சாதாரணமானது: பெண் பாத்திரமே இல்லாத நாடகம். இயக்குநர் ஹெர்பர்ட் பிளா மேடைக்கு வந்து, இதை ஜாஸ் இசை கேட்பதுபோலக் கேளுங்கள், அவரவருக்கு அகப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் பேசினார். கைதிகள் அசையாமல் பார்த்தார்கள். காத்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு யார் விளக்க வேண்டும்? ரிக் க்ளூச்சி என்ற ஆயுள் கைதிக்கு அன்று அரங்குக்கு வரவே அனுமதி இல்லை; அறைக்குள் இருந்தபடி ஒலிபெருக்கியில் வசனத்தை மட்டும் கேட்டார். பிற்பாடு சிறைக்குள்ளேயே நாடகக் குழு தொடங்கி, விடுதலையான பிறகு பெக்கெட்டோடு சேர்ந்தே வேலை செய்தார். இந்த நாடகத்தைக் கடம்மனிட்ட ராமகிருஷ்ணன் மலையாளத்தில் கொண்டுவந்திருக்கிறார். படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் தமிழ்ப் பக்கத்துக் கதையும் தொட்டுக்கொள்ளலாம். ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ போன்ற நாடகங்களுக்கும், 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்கும் கிடைத்த நிரந்தர விமரிசனம் ‘புரியவில்லை’ என்பதுதான். முத்துசாமியோ புரிசைத் தெருக்கூத்தைப் பார்த்துவிட்டு, நடிகனின் உடம்புதான் நாடகம் என்ற முடிவுக்கு வந்தவர். அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் கஷ்டம் தீரும். திருச்சூர் நாடகப் பள்ளியில் ஜி. சங்கரப்பிள்ளையோடு பணியாற்றிய நம் சே. ராமானுஜம், டிராய் நகரத்துப் பெண்களைப் பற்றிய யூரிப்பிடிஸின் கிரேக்க நாடகத்தைத் தழுவி ‘வெறியாட்டம்’ செய்தபோது நம்மூர் ஒப்பாரியைக் கையில் எடுத்தார். டிராய் நகரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கும் மாரடித்து அழுவது என்னவென்று தெரியும்.

இவ்வளவு சொன்னதும், புரியாததெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மோசமான நவீன நாடகங்கள் ஏராளம். மோசமான சபா நாடகங்களைவிட அவை அதிகச் சித்திரவதை, ஏனென்றால் சிரிக்கக்கூட வழியில்லை. ஆட்டத்தின் விதி தெரியாததால் புரியாமல் போவது ஒன்று. கிரிக்கெட் தெரியாதவன் மட்டையைப் பார்ப்பது மாதிரி. நாடகமே வேண்டுமென்று எதையோ ஒளித்து வைப்பது வேறு. செய்தவருக்கே தெளிவில்லாமல் போனது மூன்றாவது. கடைசி வகையைக் கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. திரும்ப வரும் செயலைக் கவனிப்பேன். நல்ல நாடகத்தில் எதுவும் அப்படியே திரும்பி வராது. பெக்கெட்டின் இரண்டாம் அங்கம் முதல் அங்கத்தின் நகல் போலத்தான் இருக்கும். ஆனால் மொட்டை மரத்தில் நாலைந்து இலை முளைத்திருக்கும், முதல் நாள் அதிகாரம் செய்த போஸோ கண் தெரியாமல் வந்து விழுவான். மூன்றாவது சுற்றிலும் ஏணியை முதல் சுற்றைப் போலவே தூக்கி, அதே வேகத்தில், அதே முகத்தோடு வந்தால், செய்தவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. அதோடு, பின்னணி இசை உங்கள் கையைப் பிடித்து ‘இங்கே உருகு’ என்று இழுத்தாலும் சந்தேகப்படலாம்.

இப்படிக் கவனித்துப் பார்க்கும் பயிற்சிக்கு விழிஞ்ஞத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. ஊருக்குள் சின்னதாக ஒரு குடைவரைக் கோயில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்க வருகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரே பாறை, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குடைந்த ஓர் அறை, உள்ளே வீணை தாங்கிய தட்சிணாமூர்த்தி. வாசலின் இருபுறமும் பாறைச் சுவரில் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட உருவங்கள்: ஒரு பக்கம் திரிபுராந்தகர், மறுபக்கம் ஆடும் சிவனும் அருகில் பார்வதியும். முகம் துலங்கவில்லை, கையும் இடுப்பும் கல்லுக்குள்ளிருந்து பாதிதான் வெளியே வந்திருக்கின்றன. ஆனாலும் அது ஆட்டம் என்று தெரிகிறது, இல்லையா? எதைக் கொண்டு தெரிந்தது? முழங்காலின் மடிப்பா, இடுப்பின் சாய்வா? இந்தக் கேள்வியோடு பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அதே கண்ணோடு அன்று மாலை நாடகத்துக்குப் போங்கள்.

ஊர் சுற்றும் நாடகத்தில் இன்னொரு லாபம், அதை இரண்டு ஊரில் பார்க்கலாம். தீபன் சிவராமனின் ‘கசாக்கின்டெ இதிகாசம்’ 2015இல் காசர்கோடு மாவட்டத்துத் திருக்கரிப்பூரில், அந்த ஊர்க்காரர்களே நடித்துத் தொடங்கி, பிறகு கேரளத்துக்கு வெளியேயும் போனது. அதற்கு மூலமான ஓ.வி. விஜயனின் நாவலைக் கரைத்துக் குடித்த ஊரும் கேள்விப்படாத ஊரும் ஒரே காட்சியில் ஒரே மாதிரி மூச்சு விடாது. திருவனந்தபுரத்தில் பார்த்தது நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ வந்தால் சோம்பல் படாமல் மறுபடி போங்கள். இரண்டாம் முறை கதகளி ரசிகருக்கு இருக்கும் வசதி உங்களுக்கும் வந்துவிடும். அடுத்து என்ன என்று தெரியும். முதல் ஊரில் சிரித்த இடத்தில் இங்கே கனத்த மௌனம் என்றால், அந்தக் காட்சியில் இரண்டும் இருக்கிறது என்று அர்த்தம்.

நாடகம் முடிந்ததும் இயக்குநரோடு கலந்துரையாடல் வைப்பார்கள். அங்கே எழுந்து “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் நல்ல இயக்குநர் மழுப்புவார், சுமாரான இயக்குநர் பிரசங்கம் செய்வார். ஒத்திகையில் எதை வெட்டி எறிந்தீர்கள், இந்த ஏணி முதலில் வேறு பொருளாக இருந்ததா, எந்த ஊரில் கூட்டம் உங்களைத் திகைக்க வைத்தது என்று கேளுங்கள். பதில் உருப்படியாக வரும். கலந்துரையாடல் போரடித்தால் வெளியே டீக்கடைக்கு நழுவிவிடலாம். இடையில் எழுந்து போனவர்களில் நாலு பேர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள். எந்த நிமிடத்தில் எழுந்தீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாலு பேரும் ஒரே இடத்தைச் சொல்வார்கள்.